மகன் ‘புராஜெக்ட்’ வாங்கப் பணம் கேட்கிறானா?

“தம்பி! உன் மருமகன் 15 ஆயிரம் ரூபாய் கேட்கிறான். எதற்கு என்றால் ‘புராஜெக்ட்’ என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதான் போய் விசாரிக்க வேண்டும்.”

என் அக்காள் டெலிபோனில் இப்படிச் சொன்னாள். அக்காள் வீடு உடுமலைப் பக்கம். கொஞ்சம் தென்னை. ஓர் ஆழ்குழாய்க் கிணறு. மகன் கோவையில் ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தான்.

நான் போய் விசாரித்தேன். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் தாய் தந்தையர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி தெரிய வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடையில் விற்கும் பாடம்

என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் கடைசி ஆண்டில் ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. அதைத்தான் ‘புராஜெக்ட்’ என்கிறார்கள். தாங்களே செய்ய வேண்டும் என்பது விதி.

ஆனால், பலர் என்ன செய்கிறார்கள்? கடையில் வாங்குகிறார்கள்!

ஆம். ஓட்டலில் சாப்பாடு கிடைப்பது போல, செய்து முடித்த புராஜெக்ட் கடையில் கிடைக்கிறது. மருமகனோடு நானும் அப்படி ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மரியாதைக்காரர். நாற்காலி போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“இது பம்பு மோட்டாருக்கு உள்ளது சார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்திவிடும். உங்கள் செல்போனுக்குச் செய்தியும் அனுப்பும்” என்றார்.

“உள்ளே என்ன நடக்கிறது?” என்று கேட்டேன்.

“அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விளக்கமும் அச்சடித்துக் கொடுத்துவிடுவோம். பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்தால் போதும்.”

நான் எழுந்துவிட்டேன். மருமகனுக்குக் கோபம்.

“எல்லோரும் இப்படித்தான் மாமா வாங்குகிறார்கள். இதில் மோடத்தையும் டி.எஸ்.பி. போர்டையும் இணைக்க வேண்டும். அது எங்களால் ஆகிற காரியம் இல்லை” என்றான்.

“நாலு வருஷம் படித்தும் இரண்டு பெட்டிகளை இணைக்க முடியாது என்றால் அந்த நாலு வருஷம் எங்கே போயிற்று?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நான் படித்தது வரலாறு. எனக்கும் மோடம் தெரியாது. டி.எஸ்.பி. தெரியாது. அவனோடு சேர்ந்து தெரிந்துகொண்டேன்.

கணக்குப் போடும் பெட்டி

டி.எஸ்.பி. என்பது ஒரு சில்லு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சத்தம், மின்சாரம், அதிர்ச்சி இவற்றை எண்களாக மாற்றி வேகமாகக் கணக்குப் போடுவது அதன் தொழில்.

1978-ம் ஆண்டில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி ஒரு பொம்மை விற்றது. பெயர் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’. அது ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லும். குழந்தை எழுத்துக்கூட்டி அமுக்க வேண்டும். உள்ளே டேப் கிடையாது. ஒரு சில்லு கணக்குப் போட்டே குரலை உண்டாக்கியது! அதே கம்பெனி 1983-ல் ‘டி.எம்.எஸ். 320’ என்ற வரிசையில் முதல் சில்லை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த வம்சத்தில் வந்த ஒரு சில்லுதான் எப் 28335. அது விநாடிக்கு 15 கோடி முறை துடிக்கும்.

அந்தச் சில்லைத் தனியாக வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரு போர்டில் பொருத்தி, கம்பி மாட்டுவதற்கு முனைகள் வைத்து விற்கிறார்கள். பழகுவதற்கான போர்டு அது. மருமகன் படித்த கல்லூரியிலும் இருந்தது. எங்கே? பீரோவில். பூட்டி! கெட்டுப் போய்விடும் என்று எடுக்க விடுவதில்லையாம். ஆசிரியர் ஒருவர் பெரிய மனது வைத்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் புண்ணியத்தால் போர்டுச் செலவு மிச்சம்.

மோடம் என்பது பேசும் பெட்டி. செல்போனில் இருந்து திரையையும் பொத்தானையும் எடுத்துவிட்டால் எது மிச்சமோ அதுதான் செல்லுலார் மோடம். சிம் கார்டு உண்டு. ஏரியல் உண்டு. பேசச் சொல்ல வேண்டியது நாம். வேடிக்கை என்னவென்றால், செல்போன் மோடத்துக்குள்ளேயும் ஒரு சின்ன டி.எஸ்.பி. இருந்து கணக்குப் போடுகிறது. சொந்தக்காரர்களைத்தான் அறிமுகம் செய்து வைக்கிறோம்!

“ஒரு பம்புக்கு இத்தனை பெரிய சில்லா? கடுகு தாளிக்க அண்டாவா?” என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயம்தான். சாதாரணச் சில்லே போதும். ஆனால் டி.எஸ்.பி. மின்சாரத்தின் அலையையே உற்றுப் பார்க்கும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. இந்தப் பிள்ளைகள் விநாடிக்கு 10 ஆயிரம் முறை அதை அளந்தார்கள். ஓர் அலைக்கு 200 அளவு! தண்ணீர் வற்றினால் மோட்டார் பாரம் இல்லாமல் சுற்றும், மின்சாரம் குறையும். மூன்று பேஸில் ஒன்று போனால் மற்ற இரண்டிலும் மின்சாரம் ஏறும்; கொஞ்ச நேரத்தில் காயில் கருகும். காயில் கட்டும் செலவு விவசாயிக்குத் தெரியும்.

‘கவனி!’ என்றால் ‘சரி!’

இரண்டையும் எப்படி இணைப்பது? மூன்றே கம்பிகள்!

போர்டு பேசும் முனையை மோடம் கேட்கும் முனையில் சேர்க்க வேண்டும். மோடம் பேசும் முனையைப் போர்டு கேட்கும் முனையில் சேர்க்க வேண்டும். என் வாய் உன் காதுக்கு, உன் வாய் என் காதுக்கு. மூன்றாவது கம்பி இரண்டுக்கும் பொதுவான ‘கிரவுண்டு’. வாயோடு வாயைச் சேர்த்துவிட்டு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள் இவர்கள்.

வோல்டேஜும் ஒத்துப்போக வேண்டும். போர்டின் முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 9 ஊசி வைத்த பழைய வகை மோடம் 12 வோல்ட் வரை தள்ளும். நேராக இணைத்தால் சில்லு செத்துவிடும். நடுவில் ஒரு மாற்றிச் சில்லு வைக்க வேண்டும்.

சரி, என்ன பாஷையில் பேசுவது? அதற்கு ஒரு கதை உண்டு.

1962-ல் அமெரிக்காவில் பெல் கம்பெனி ‘பெல் 103’ என்ற மோடத்தைக் கொண்டு வந்தது. அந்தக் காலத்து மோடங்களுக்கு மனிதன்தான் பெரும்பாலும் டெலிபோனைச் சுற்றி இணைப்பு வாங்கித் தர வேண்டும். 1981-ல் ஹேய்ஸ் கம்பெனி ஒரு மோடம் செய்தது. கம்ப்யூட்டர் கட்டளை கொடுத்தால் அதுவே நம்பரைச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்துக்களைப் போட வேண்டும். ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம். ‘கவனி!’ என்று அர்த்தம். நன்றாகக் கேட்டுக்கொண்டால் மோடம் ‘ஓ.கே.’ என்று பதில் சொல்லும்.

டெலிபோன் கம்பி போய்ச் செல்போன் வந்தது. ஆனாலும், அந்த இரண்டு எழுத்துப் போகவில்லை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் செல்போன் மோடமும் ‘ஏ.டி.’ என்றால் ‘ஓ.கே.’ என்றுதான் சொல்கிறது. 40 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வேட்டி கட்டும் தாத்தாவும் ஜீன்ஸ் போட்ட பேரனும் ஒரே பாஷை பேசுகிறார்கள்.

முதலில் மோடத்தைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பேசிப் பார்க்கச் சொன்னார் அந்த ஆசிரியர். இது நல்ல யோசனை. கோளாறு வந்தால் மோடத்திலா, போர்டிலா என்று தெரிந்துவிடும் அல்லவா? மருமகன் ‘ஏ.டி.’ என்று டைப் அடித்தான். திரையில் ‘ஓ.கே.’ வந்தது.

“மாமா! பேசுகிறது மாமா!” என்று கத்தினான். இரவு 11 மணி. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

கடையில் 15 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெட்டி இந்த ஒரு கூச்சலைத் தருமா?

மாவு மில்லும் தண்ணீர்க் குடமும்

மறுநாள் மோடத்தைப் போர்டில் மாட்டினார்கள். போர்டில் இருந்தே மோடத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். மோடத்தின் விளக்கு மினுக்கியது. வேகமாக மினுக்கினால் டவரைத் தேடுகிறது என்று அர்த்தம். மூன்று விநாடிக்கு ஒரு முறை மினுக்கினால் டவர் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வேகமாக மினுக்கியது... மினுக்கியது... அணைந்தது! மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. நான்கு நாள் இதே கூத்து. மோடம் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினார்கள். அதுவும் அப்படியே! ‘நெட்வொர்க் சரியில்லை’ என்றான் ஒருவன். ‘புரோகிராம் தப்பு’ என்றான் இன்னொருவன்.

கோளாறு எங்கே தெரியுமா? மின்சாரத்தில்.

இவர்கள் வாங்கியது ‘சிம் 900’ என்ற 2ஜி மோடம். 2ஜி மோடம் டவரோடு பேசும்போது இடைவிடாமல் பேசுவதில்லை. பல போன்கள் ஒரே அலைவரிசையில் முறை வைத்துப் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிப் பொழுது. நொடிகூட இல்லை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுபோல் விநாடிக்கு 217 முறை. தன் முறை வரும்போது மோடம் சக்தியை எல்லாம் திரட்டிக் கத்துகிறது. அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும்! போர்டுக்கு மின்சாரம் வந்ததோ கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. வழியாக. அதில் வழக்கமாகக் கிடைப்பது அரை ஆம்பியர்.

தெருவில் மாவு மில் ஓட ஆரம்பித்தால் வீட்டு விளக்கு மங்குகிறது அல்லவா? அதே கதைதான். மோடம் கத்தும். வோல்டேஜ் விழும். மோடம் மயங்கும். எழும். மறுபடி கத்தும்.

மருந்து என்ன? மோடத்துக்கு 2 ஆம்பியர் கொடுக்கக்கூடிய தனி சப்ளை. அதன் பக்கத்திலேயே 1000 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டர் ஒன்று. குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தாலும் பக்கத்தில் ஒரு குடம் நிறைந்திருந்தால் சட்டென்று ஒரு சொம்பு மொண்டுகொள்ளலாம். கெப்பாசிட்டர் அந்தக் குடம். சில ரூபாய்ச் சாமான்!

இந்தச் சில ரூபாய்ச் சாமானுக்காக ஒரு மோடம் வீணாக வாங்கினார்கள். நான்கு நாள் தூக்கம் போயிற்று. நான் வருத்தப்படவில்லை. அவர்கள் இனி ஆயுளுக்கும் இதை மறக்க மாட்டார்கள்.

தோசைக்கல்லும் தபால்காரரும்

அடுத்த தொல்லை வேறு மாதிரி. இந்த முறை மோடம் நன்றாகச் செய்தி அனுப்பியது. ஆனால், அனுப்பும் நேரத்தில் டி.எஸ்.பி. மோட்டாரைக் கவனிக்கவில்லை!

மோடம் மெதுவான பிராணி. விநாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஒரு மில்லி விநாடி ஆகிறது. அந்த ஒரு மில்லி விநாடியில் நம் டி.எஸ்.பி. ஒன்றரை லட்சம் முறை துடித்துவிடும். ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது என்று மோடம் பதில் சொல்லச் சில விநாடிகள் ஆகும். பிள்ளைகள் எழுதிய புரோகிராமோ, ‘பதில் வரும்வரை நில்’ என்று டி.எஸ்.பி.யை நிறுத்தி வைத்துவிட்டது.

அடுப்பில் தோசைக்கல் காய்கிறது. தபால்காரர் வருவார் என்று வாசலில் போய் நின்றால் தோசை என்ன ஆகும்? கருகும். வாசலில் ஒரு தபால் பெட்டி மாட்டிவிட்டு, தோசை திருப்பும் இடைவெளியில் எட்டிப் பார்த்தால் போதும். அப்படித்தான் மாற்றி எழுதினார்கள். மோடத்தில் இருந்து வரும் எழுத்துக்கள் ஒரு மூலையில் சேரும். டி.எஸ்.பி. அளவு எடுப்பதுதான் முதல் வேலை. ஓய்ந்த நேரத்தில் மூலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு சின்ன விஷயம். செய்தியைக் கொடுத்து முடித்ததும் மோடத்திடம் ‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டும். அதற்கு 26-ம் நம்பர் அடையாளம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால், நாம் இன்னும் பேசுவோம் என்று மோடம் காத்துக்கொண்டே இருக்கும். மருமகன் இரண்டு மணி நேரம் காக்க வைத்தான்!

ஓடாத மோட்டாரில் மின்சாரம்!

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். ஒரு நாள் மாலை, மோட்டார் நின்றுகொண்டிருக்கிறது. ஸ்விட்சே போடவில்லை. பெட்டியோ ‘மின்சாரம் ஓடுகிறது’ என்று காட்டுகிறது. பேயா?

மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரு மாணவியும் இருந்தாள். அவள் சொன்னாள்: “எங்கள் தாத்தா ரேடியோப் பெட்டி பக்கத்தில் செல்போனை வைத்தால் ‘டிர்ர் டிர்ர்’ என்று சத்தம் வரும். அப்புறம்தான் போன் மணி அடிக்கும். இதுவும் அதுதானோ?”

மோடத்தை நிறுத்திப் பார்த்தார்கள். பேய் போய்விட்டது!

விநாடிக்கு 217 முறை மோடம் கத்துகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கத்தல் ஏரியலில் இருந்து கிளம்பி, மோட்டார் மின்சாரத்தை அளக்கும் கம்பியில் ஏறிக்கொண்டது. டி.எஸ்.பி. அதையும் மின்சாரம் என்று எண்ணிவிட்டது. பாவம், அதன் மேல் குற்றம் இல்லை. காதில் விழுந்ததைத்தானே சொல்லும்?

ஏரியலைத் தள்ளி வைத்தார்கள். அளக்கும் கம்பிகளை முறுக்கி விட்டார்கள். சில்லின் வாசலில் ஒரு சின்ன ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்து வடிகட்டினார்கள். செய்தி போகும் நேரத்தில் அளந்ததை நம்பாதே என்று புரோகிராமிலும் ஒரு வரி எழுதினார்கள்.

இந்த இடத்தில் தாய் தந்தையர் ஒன்றை யோசிக்க வேண்டும். தண்ணீர் வற்றியும், பேய் மின்சாரத்தை நம்பி மோட்டாரை ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடையில் வாங்கி, மூடியைத் திறக்காமல் மார்க் வாங்கியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? நாளைக்கு இதே பையன் ஒரு கம்பெனியில் லிப்டுக்கோ, ஆஸ்பத்திரிக் கருவிக்கோ பொறுப்பாக உட்காரப் போகிறான்.

என் அபிப்பிராயம்

கடைக்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. சாமான் விற்கும் கடை வேண்டும். சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரும் இருக்கிறார். ஒரு கெப்பாசிட்டருக்காகப் போன பையன்களை உட்கார வைத்து, அரை மணி நேரம் பாடம் சொன்ன கடைக்காரரை நானே பார்த்தேன். பாத்திரம் விற்கட்டும், அரிசி விற்கட்டும். பையன் சாப்பிட்டதாக அவர் கையெழுத்துப் போடக் கூடாது!

கல்லூரிகளைத்தான் கேட்கிறேன். ஓடும் பெட்டிக்கு முழு மார்க், ஓடாத பெட்டிக்குப் பூஜ்யம் என்று வைத்தால் பிள்ளைகள் ஓடும் பெட்டியை எங்கிருந்தாவது வாங்கி வரத்தான் செய்வார்கள். ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை, என்ன மாற்றினாய் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டுக்குப் பாதி மார்க் கொடுங்கள். கடையில் நோட்டும் எழுதித் தருவார்களே என்பீர்கள். தரலாம். ஆனால் “மோடம் ‘ஓ.கே.’ சொல்லவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பாய்?” என்று ஒரு கேள்வி போட்டால் மனப்பாடம் காற்றில் பறந்துவிடும். பீரோவில் இருக்கும் போர்டையும் வெளியே எடுங்கள். கெட்டால் கெடட்டும். பூட்டியே வைத்தாலும் பழசாகிப் போகத்தானே போகிறது?

“கம்பெனியில் வேலை கொடுப்பவன் மார்க்கைத்தான் பார்க்கிறான். மோடத்தையா பார்க்கிறான்?” என்று ஒரு தகப்பனார் என்னிடம் வாதாடினார். வேலைக்குச் சேருவதற்கு மார்க் போதும். சேர்ந்த பிறகு?

மோடங்களுக்கு நடக்கும் கதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்டிரா கம்பெனி 2016 டிசம்பரில் 2ஜி சேவையை மூடியது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்ற கம்பெனி (நம் மோடம் சொல்லும் ‘ஏ.டி.’க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) 2016 முடிவோடு 2ஜியை மூடியது; 2022 பிப்ரவரியில் 3ஜியையும் மூடியது. அந்தச் சேவையை மட்டும் நம்பிய கருவிகள் எல்லாம் அன்றோடு ஊமை. நம் ஊரிலும் 2ஜி நடத்தாத கம்பெனியின் சிம்மை 2ஜி மோடத்தில் போட்டால் அது டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். மருமகன் குழு இதிலும் ஒரு நாள் அலைந்தது.

அப்படி ஒரு நாள் வந்தால், இணைக்கத் தெரிந்தவன் பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் புதிய மோடத்தை மாட்டுவான். பேச்சு பெரும்பாலும் அதே ‘ஏ.டி.’ பேச்சு. சப்ளையையும் வோல்டேஜையும் சரிபார்த்தால் போதும். வாங்கி வந்தவன் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தாய் தந்தையர்களே! மகனோ மகளோ புராஜெக்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாமான் வாங்கக் கொடுங்கள். இரண்டு மோடம் வாங்கவும் கொடுங்கள். “உனக்குப் படிப்பு இல்லை அம்மா, சொன்னால் புரியாது” என்று சொன்னால் விடாதீர்கள். தினமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “இன்றைக்கு எது ஓடவில்லை?” பதில் இருந்தால் அவன் வேலை செய்கிறான். “எல்லாம் நன்றாக ஓடுகிறது அம்மா” என்று தினமும் சொன்னால்... கொஞ்சம் விசாரியுங்கள்!

ஒரு எச்சரிக்கை. மோடமும் போர்டும் சின்ன வோல்டேஜ். பம்பு மோட்டாரோ மூன்று பேஸ், 440 வோல்ட். அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கை வைக்க விடாதீர்கள். அக்காள் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் இணைப்பை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்தார். பிள்ளைகள் தள்ளி நின்றார்கள்.

அக்காள் படித்த செய்தி

பரீட்சை முடிந்தது. கெப்பாசிட்டரைக் காட்டி, “இது எதற்கு?” என்று கேட்டாராம் பரீட்சை எடுத்தவர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்களாம்.

போர்டு கல்லூரிக்குத் திரும்பிப் போக வேண்டும். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அதே இனத்தில் விலை குறைந்த போர்டு ஒன்று வாங்கி அக்காள் தோட்டத்தில் மாட்டினார்கள். மோட்டார் நின்றால் அக்காள் செல்போனுக்குச் செய்தி வரும். முதல் செய்தி வந்தது. ஆங்கிலத்தில்!

அக்காள் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் தெரியாது. செல்போனை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினாள். ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்!

மருமகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “எல்லாம் செய்தேன் மாமா. அம்மாவுக்குப் படிக்க வருமா என்று யோசிக்கவில்லை” என்றான்.

மோடத்தில் தமிழும் போகும். அதற்கு வேறு முறை. தமிழ் எழுத்துக்கு உலக முழுவதும் ஒத்துக்கொண்ட நம்பர் இருக்கிறது. உயிர் எழுத்து ‘அ’வுக்கு ஒரு நம்பர். ‘க’வுக்கு ஒரு நம்பர். புள்ளிக்கும் தனி நம்பர், கொம்புக்கும் தனி நம்பர். ‘தண்ணீர் இல்லை’ என்று எழுத, நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து, 13 நம்பர் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் அனுப்பினால் 70 நம்பர்தான். ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்புக்கு மேல் இடம் பிடிப்பதால் இந்தக் குறைவு.

70 போதும். மருமகன் ஓர் இரவு உட்கார்ந்து நம்பர்களை எண்ணி எழுதினான். ‘தண்ணீர் இல்லை. மோட்டார் நின்றது.’ மொத்தம் 32. மீதி இடத்தில் ‘அம்மா’ என்று முன்னால் சேர்க்கலாமா என்று கேட்டான். சேர் என்றேன்.

சித்திரை மாதம் அக்காள் என்னை டெலிபோனில் கூப்பிட்டாள்.

“மத்தியானம் செய்தி வந்தது தம்பி. ‘அம்மா, தண்ணீர் இல்லை’ என்று போட்டிருந்தது. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். உடனே தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன்.”

“அப்புறம்?”

“இல்லைதான். மோட்டார் நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன், பெட்டி சூடாகக்கூட இல்லை.”